ரதக்காரர் வாங்கிய மஞ்சள் கார்

கார் வாசலில் வந்து நின்ற அன்று ரதக்காரரின் மனைவி முதலில் சொன்னது வாழ்த்து இல்லை.

"வீட்டுக் கூரை ஒழுகுது, ஒழுகுதுன்னு ரெண்டு மழைக்காலமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கேன். நீங்க கூரையே இல்லாத காரை வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க!"

"கூரை இருக்கு. பட்டனை அமுக்கினா மடங்கிப் பின்னால போயிடும்."

"எங்கே, அமுக்குங்க பார்ப்போம்."

அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தி அமுக்கினார். உள்ளே எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது, அத்தோடு சரி.

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மனுஷர் அசரவில்லையே! எலுமிச்சம்பழ மஞ்சளில், இரண்டே இருக்கையோடு, தரையோடு தரையாகப் படுத்திருந்த அந்த ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்னால் குனிந்து பார்த்தார், பின்னால் போய் நின்று பார்த்தார், எதிர் வீட்டு மதிலோரம் போய் அங்கிருந்தும் ஒரு தடவை பார்த்தார். வாயெல்லாம் பல். வயது அறுபதைத் தாண்டியாயிற்று. சொந்தமாக ஒரு சைக்கிளுக்கு மேல் வைத்திருந்தவர் இல்லை. தலைகால் புரியாமல் போனதில் என்ன தப்பு?

ரதக்காரர் என்றதும் ஏதோ அரண்மனைத் தேரோட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அமரர் ஊர்தி ஓட்டியவர். ஊர்க்காரர்கள் அதைக் கேலியாகச் சொர்க்க ரதம் என்று சொல்லப்போய், ஓட்டியவருக்கு ரதக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கம்பெனி, ஒரே வேலை. கறுப்பு வண்டி, வெள்ளைச் சட்டை, நடக்கிற வேகம். பின்னால் வருகிறவர்கள் அழுதுகொண்டே நடந்து வருவார்கள். வண்டி அவர்கள் காலுக்குத் தகுந்தபடிதான் போக வேண்டும். அதை அவர் மாதிரிச் செய்ய அந்த ஊரில் இன்னொருவர் கிடையாது என்று முதலாளியே சொல்வார்.

அந்தத் தொழிலில் 'பிணம்' என்ற வார்த்தை புழங்காது. 'பாடி' என்று யாராவது சொல்லிவிட்டால் முதலாளிக்குக் கெட்ட கோபம் வரும். 'ஆள்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆள் ஏறியாச்சா? ஆள் உள்ளே இருக்காரு, பார்த்துப் போ. இப்படித்தான் பேச்சு. இன்னொரு கண்டிப்பும் உண்டு: ஆள் ஏறிய பிறகு வண்டி ஓர் அடிகூடப் பின்னால் போகக் கூடாது. வாசலில் குடும்பமே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கிளம்பிய வண்டி திரும்பப் பின்னால் வருவதைப் பார்த்தால், ஒரு நொடி, 'ஐயோ, வந்துட்டாரோ' என்று அந்த மனசு நினைத்துவிடும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்பார் முதலாளி. நியாயம்தானே? அதனால் ரதக்காரர் எந்த வீட்டுக்குப் போவதானாலும் முதலில் நடந்தே போய் இடத்தைப் பார்ப்பார். எங்கே திருப்பலாம், வண்டியின் முகம் தெருவைப் பார்க்கிற மாதிரி எங்கே நிறுத்தலாம் என்று முடிவு செய்த பிறகுதான் சாவியைத் தொடுவார்.

அந்தப் பழக்கம்தான் இந்தக் காரை அவர் கண்ணில் காட்டியது. கண் டாக்டர் ஒருவர் தவறிப்போனார். பெரிய வீடு, ஆனால் உள்ளே வண்டி திரும்ப இடம் இல்லை. ஷெட்டில் துணி உறை போட்டு மூடியிருந்த எதையோ நகர்த்தினால்தான் முடியும் என்றார் ரதக்காரர். உறையை உருவினால், உள்ளே பளீரென்று மஞ்சள்! பேட்டரி செத்துப்போயிருந்தது. டாக்டரின் மகன்கள் பின்னால் நின்று தள்ள, ஸ்டியரிங் பிடிக்க இவரை உட்காரச் சொன்னார்கள். கதவைத் திறந்து உள்ளே இறங்கினார். ஆமாம், அதில் ஏற முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். வண்டிக்கு வயது பத்து. மீட்டரில் எட்டாயிரம்கூட ஓடியிருக்கவில்லை.

"கீறல் விழுந்துடும்னு வெளியவே எடுக்க மாட்டார்," என்றார் டாக்டரின் மனைவி, அந்த நேரத்திலும். "ரிட்டையர் ஆனதும் ஓட்டுவேன், ஓட்டுவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார்."

எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேச்சு கேட்டவர் ரதக்காரர். இந்தப் பேச்சு மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு வந்தது. கைக்கு வந்த பணத்தை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்டுறதா இருந்தா எடுத்துக்கோங்க. மூடி வைக்கிறதா இருந்தா வேண்டாம், அதை அவரே செஞ்சுட்டார்," என்றார்.

ஓட்டத்தான் வாங்கினார். யாரை உட்கார வைத்து? அதில்தான் இருக்கிறது சங்கதி. இருப்பது இரண்டே இருக்கை. ஒன்று அவருக்கு. மற்றதில் மனைவி உட்கார்ந்து வர வேண்டும், ஊர் அதைப் பார்க்க வேண்டும். அவருடைய ஆசை மொத்தமும் அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஓட்டிய வண்டியில் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எப்படி ஏறுவாள், சொல்லுங்கள்! துணிக்கடையில் கால்சட்டையின் நீளம் குறைப்பது, ரவிக்கையை இறுக்குவது என்று அளவு திருத்தும் தையல் வேலை அவளுக்கு. காலையில் பஸ், மாலையில் பஸ். கடையில் யாராவது, 'ஏன்க்கா, வீட்டுக்காரர்தான் டிரைவராச்சே, கொண்டுவந்து விடமாட்டாரா?' என்று சீண்டினால், 'அவர் வண்டியில ஒரே ஒரு தடவைதான் ஏறுவேன், அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல' என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள்.

சரி, காருக்கு வருவோம். முதல் நாளே தெருமுனை தாண்டுவதற்குள் அடியில் தட், தட், தட் என்று ஒரு சத்தம். பதறிப்போய் மச்சினனின் பட்டறைக்குக் கொண்டுபோனார். மனைவியின் தம்பி, நல்ல மெக்கானிக். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். சக்கரத்தைத் தடவிப் பார்த்து, ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

"ஒரே இடத்துல நின்னு நின்னு டயர் ஒரு பக்கமா தட்டையாயிடுச்சு மாமா. நாலையும் மாத்தணும்."

"டேய் மச்சான், எட்டாயிரம்கூட ஓடலடா! புது வண்டி மாதிரி."

"கம்மியா ஓடின வண்டின்னு சந்தோஷப்படாதீங்க. ஓடாம இருக்கிறதும் ஒரு வியாதிதான். ரப்பர் எல்லாம் காஞ்சிருக்கு, பிரேக்கு துருப்பிடிச்சிருக்கு, இஞ்சினுக்குள்ள கரி அடைஞ்சிருக்கு. இது கிழவனும் இல்ல, குமரனும் இல்ல. சும்மா உக்காந்தே கெட்டுப்போன பணக்கார வீட்டுப் பிள்ளை."

டயர் மாற்றினான், பிரேக்கைச் சுரண்டித் தேய்த்தான், எண்ணெய் மாற்றினான். கூரையை மட்டும் அவனாலும் நகர்த்த முடியவில்லை. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, ஏனோ அடம் பிடிக்கிறது, வேறு யாரிடமாவது காட்டலாம் என்றான். ரதக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். இந்த மூலையைத் தடவுவார், அந்தக் கீலில் எண்ணெய் விடுவார், பட்டனை அமுக்கிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். அவள் வேலைக்குக் கிளம்பும்போது, "என்ன, பேசிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இதற்கு நடுவில் காருக்குள் இறங்குவதும் எழுவதும் வேறு தனிப் பாடம். கறுப்பு வண்டியில் எல்லோர் தலைக்கும் மேலே உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது எல்லோருடைய முழங்கால்தான் தெரிந்தது. எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு காலை வெளியே வீசி, 'ஹப்பாடா' என்று ஒரு எம்பு எம்ப வேண்டும். "என்ன, மண்ணைத் தொட்டுக் கும்பிடுறீங்களா?" என்று அதற்கும் ஒரு கேலி வரும் ஜன்னலிலிருந்து.

ஒரு நாள் பின்பக்கப் பெட்டியைச் சுத்தம் செய்தார். டாக்டர் வைத்திருந்த பழைய போர்வை, ஒரு ஜோடி செருப்பு, இதெல்லாம் உள்ளே கிடந்தன. எடுத்துவிட்டுப் பார்த்தால், பெட்டியின் மேல்பக்கத்தில் சுருட்டி வைத்த ஒரு துணித் திரை. ஏதோ சாமான் வைக்கும்போது டாக்டர் சுருட்டிவிட்டிருக்கிறார் போலிருக்கிறது. இழுத்து இரண்டு பக்கக் கொக்கியிலும் மாட்டினார். போய்ப் பட்டனை அமுக்கினார். கூரை ஒரு நெளிவு நெளிந்தது. பிறகு எழுந்தது, மடங்கியது, பின்னால் போய்ப் பதவிசாகப் படுத்துக்கொண்டது! திரை விரித்திருந்தால்தான் கூரை அங்கே இறங்கும். சாமானை நசுக்கிவிடக் கூடாது என்று வண்டிக்கே அவ்வளவு அக்கறை. "வந்துடுச்சுடி! வந்துடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர் சவரம் செய்த பாதி முகத்தோடு ஓடிவந்தார். மனைவி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் கதவைச் சாத்தாமல் நின்று பார்த்தாள்.

அன்றைக்கே கூரையைத் திறந்துகொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்குச் சுடுகாட்டுப் பழக்கமே அல்லவா வீடு வரைக்கும் வந்துவிட்டது! வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு, இரண்டு கையும் ஸ்டியரிங்கில், நடக்கிற வேகம். காற்று முகத்தில் படுவது அவருக்குப் புதுசு. அதைவிடப் புதுசு, ஆட்கள் அவரைப் பார்த்தது. கறுப்பு வண்டியில் போனபோது தெரு முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இப்போது எல்லோரும் நேருக்கு நேர் பார்க்கிறார்கள்! பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் மற்ற மூன்று பக்கமும் வண்டிகளை நிறுத்தி, விறைப்பாக நின்று, இவரை முதலில் போகவிட்டார். பின்னால் வந்த கார்களில் ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை, முந்தவில்லை. பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. அடேங்கப்பா, ஒரு காருக்கு இவ்வளவு மரியாதையா என்று மனுஷருக்கு நெஞ்சு விம்மிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் மெதுவாகவே போனார்.

மாலையில் மனைவி வேலை முடிந்து வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "ஊரே எழுந்து நின்னுச்சு தெரியுமா! போலீஸ்காரர் ரோட்டையே நிறுத்திட்டார்!"

அவள் பையைக் கீழே வைத்தாள். "தெரியும். கடைக்கு வந்த ஒரு அம்மா என்கிட்டயே கேக்குது, 'பாவம், யாரு தவறிட்டாங்க, மஞ்சள் வண்டியில எடுத்துட்டுப் போறாங்களே, ரொம்ப வசதியான ஆளோ?'ன்னு. ஊரு எழுந்து நின்னது காருக்கு இல்லைங்க. உங்க மூஞ்சிக்கும் உங்க வேகத்துக்கும்."

அவர் முகம் சுருங்கிப்போனது. பாவம், அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். அவளுக்கும் உடனே அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டார்.

"நீ ஒரு நாள் என்கூட வாயேன்."

"எங்கே?"

"சும்மாதான். ஒரு சுத்து."

"சும்மான்னா எங்கே? இடத்தைச் சொல்லுங்க."

டம்ளரை உருட்டிக்கொண்டே யோசித்தார். ஊரில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. ஆனால் எந்தச் சந்திலிருந்து கிளம்பினாலும் மனசு அந்த மயான கேட்டில்தான் போய் முடிந்தது. இத்தனை வருஷமாக அவர் போக வேண்டிய இடத்தை அவர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை, அது எப்போதும் முடிவானதாகவே இருந்தது.

அவளுக்கு அது புரிந்துவிட்டது. குரல் உடைந்தது, கோபத்தில் இல்லை. "இந்த ஊர்ல அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டுப் போனீங்க. வீட்டு வாசல் வரைக்கும் போய், மரியாதையா ஏத்திக்கிட்டுப் போனீங்க. என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கீங்களா? உங்க வண்டியில ஏற பயம்னா நினைச்சீங்க? ஏறுன்னா ஏறிடுவேன். எங்கேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்கு பஸ்ஸு போதும்."

மறுநாள் மாலையில் பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் இறங்கினான்.

"அக்கா சொல்றது இருக்கட்டும். இந்த வண்டியை நீங்க இன்னும் ஓட்டவே இல்ல மாமா. நடத்திக்கிட்டுத்தான் இருக்கீங்க. பைபாஸுக்கு விடுங்க."

பைபாஸில் ஏறியதும், "அமுக்குங்க," என்றான். அமுக்கினார். "இன்னும்." முள் மேலே ஏறியது, பின்னால் கறுப்பாகக் கொஞ்சம் புகை வந்தது. "பயப்படாதீங்க, அடைஞ்சு கிடந்த கரி வெளிய போகுது. இன்னும் அமுக்குங்க மாமா!" அடுத்த கியர், அதற்கடுத்த கியர். அதுவரை முனகிக்கொண்டிருந்த இஞ்சின் திடீரென்று தொண்டையைச் செருமிவிட்டு வாய்விட்டுப் பாடத் தொடங்கியது. ரதக்காரருடைய காலர் காதில் அடித்தது. பத்து வருஷமாக ஷெட்டில் படுத்துக் கிடந்தது இதற்கா என்று அவருக்குத் தோன்றியது, உடனே சிரிப்பு வந்தது, சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து மச்சினன் அப்படிப் பார்த்ததில்லை. "போதும் மாமா, போதும், எனக்குப் பிள்ளைங்க இருக்கு," என்று கதவுப் பிடியைக் கட்டிக்கொண்டான்.

பைபாஸ் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் மயானம். ரதக்காரரின் கை தானாகவே இடது பக்க விளக்கைப் போட்டது. போட்ட பிறகுதான் வலது பக்கப் பலகையைப் பார்த்தார்: நீர்த்தேக்கம். எத்தனை ஆயிரம் தடவை அந்த இடத்தில் திரும்பியிருப்பார்! அந்தப் பலகை எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. விளக்கை அணைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நீர்த்தேக்கம். நீயும் நானும்."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "அப்படி வாங்க வழிக்கு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, நீல நிறத்தில் நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு வந்தாள். ரதக்காரர் கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே இறங்கி, "இது உக்கார்றதா படுக்கிறதா?" என்று கேட்டாள். கடைத்தெருவில் அவர் நடக்கிற வேகத்தில் போகவில்லை. எல்லோரும் பார்த்தார்கள், இந்தத் தடவை சிரித்தார்கள், கை காட்டினார்கள். நாற்சந்திக் காவலர் பழக்க தோஷத்தில் மற்ற வண்டிகளை நிறுத்தக் கையைத் தூக்கினார். "கையைக் கீழ போடச் சொல்லுங்க அவரை!" என்றாள். அவர் ஒரு அமுக்கு அமுக்கினார். தூக்கிய கையோடு காவலர் பின்னால் சின்னதாகிப் போனார். அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள், அது தெரிந்தது.

நீர்த்தேக்கத்துக்கு முன்னால் சாலையில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாற்றுப்பாதை என்று ஒரு அம்புக்குறி. இவர் ஒரு திருப்பம் முன்னாலேயே திரும்பிவிட்டார். பாதை சுருங்கிக்கொண்டே போய் ஒரு பம்ப் அறையின் இரும்பு கேட்டில் முட்டி நின்றது. கேட்டில் பூட்டு. ஒரு பக்கம் கல் மதில், ஒரு பக்கம் வாய்க்கால். திருப்ப இடமே இல்லை.

ரதக்காரர் இஞ்சினை அணைத்தார். நெற்றி வியர்த்துவிட்டது. முன்கூட்டியே வந்து பார்க்காமல் ஒரு இடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்தது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"நீ கொஞ்சம் இறங்கி அந்த முனை வரைக்கும் நடக்கிறியா?" என்றார். "நான் வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

"ஏன்? நான் உக்காந்திருந்தா வண்டி வராதா?"

"வரும். ஆனா பின்னால எடுக்கணும்."

"எடுங்க."

"ஆள் உள்ள இருக்கும்போது பின்னால எடுக்கக் கூடாது."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அவள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். தலையில் கட்டிய துணியைச் சரி செய்துகொண்டாள்.

"ஏங்க. நான் உசுரோடதான் இருக்கேன். ரிவர்ஸ் போடுங்க!"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அவருக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து மூச்சு முட்டியது. ஒரு வழியாக அடங்கியதும் ரிவர்ஸ் போட்டார். பின்னால் பார்க்க வேண்டுமே. இடது கையை அவள் இருக்கையின் மேல் போட்டு, உடம்பைத் திருப்பினார். கறுப்பு வண்டியில் அவர் பின்னால் திரும்பிப் பார்த்ததே கிடையாது. வாய்க்கால் அவள் பக்கம் இருந்தது. அவள் கதவுக்கு மேல் எக்கி, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, பஸ் கண்டக்டர் மாதிரி கதவில் தட்டித் தட்டிச் சொன்னாள்:

"வாங்க, வாங்க... இன்னும் வாங்க... இந்தப் பக்கம் ஒடிங்க... வாங்க!"

வண்டி ஓட்டுகிற எல்லோரும் தினமும் கேட்கிற வார்த்தைதான் அது. ஆனால் யோசித்துப் பாருங்கள், முப்பது வருஷத்துக்கு மேல் எந்த வீட்டு வாசலில் யார் அவரைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லியிருப்பார்கள்? ரதக்காரர் சாலையை எட்டியது தெரிந்தும் இன்னும் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தார். "போதுங்க, ஊருக்கே ரிவர்ஸ்ல போயிடுவீங்க போல," என்றாள்.

நீர்த்தேக்கத்தின் கரையில் காரை நிறுத்தியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு இளம் ஜோடி காரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. ரதக்காரர் தாராளமாக விட்டார். அந்தப் பெண் அவருடைய வெள்ளைச் சட்டையையும் நிமிர்ந்த முதுகையும் பார்த்துவிட்டு அவர் மனைவியிடம் மெல்லக் கேட்டாள், "சார் என்ன பண்றாரு ஆன்ட்டி? சினிமாவுல இருக்காரா?"

ரதக்காரர் சட்டென்று தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த இடத்தில், இந்தக் காரின் பக்கத்தில், அந்தப் பதில் தேவையா என்று இருந்தது அவருக்கு. டிரைவர் என்று சொல்லி விட்டுவிட்டால் போதும்.

"சினிமாவா? அமரர் ஊர்தி ஓட்டினவரு," என்றாள் அவள், குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க ஊர்ல யாரை வேணாக் கேளு, சொல்லுவாங்க. அழுதுக்கிட்டு நடந்து வர்றவங்க காலுக்குத் தகுந்த மாதிரி ஓட்டுவாரு. இத்தனை வருஷத்துல உள்ள இருந்த ஒருத்தரையும் ஒரு குலுக்குக் குலுக்கினது கிடையாது."

அவர் திரும்பவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் தண்ணீர் தெளிவாகத் தெரியவில்லை. அவள் தலைத் துணியை அவிழ்த்து, பறந்து கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கார்க் கதவைத் தானே திறந்தாள்.

"என்னைத்தான் வழி பூராவும் குலுக்கித் தள்ளிட்டாரு," என்றாள் அந்தப் பெண்ணிடம், முகமெல்லாம் பெருமையாக.